கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்திருக்கு: கொதிக்க வைத்தால் போதுமா?

வாவிக்கரையான் | சனி, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில், கல்லடிக்கும் நாவற்குடாவுக்கும் நடுவில் இருக்கிறோம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை முதல்தடவையாகப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம், முடிவு கையில் வந்துவிட்டது. மலக்கிருமி இருக்கிறதாம். அதற்குக் கீழே நைத்திரேற்று 68 என்று ஒரு வரி. பக்கத்தில் இருக்கக்கூடிய ஆகக் கூடிய அளவு 50 என்று போட்டிருக்கிறது.

பைப் லைன் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம். ஆனால் அம்மாவுக்கு அந்த மருந்து வாசத்தோடு தேத்தண்ணி இறங்காது. ஆகவே குடிக்கிறதும் சமைக்கிறதும் இன்னமும் கிணற்றில்தான். இப்போது தங்கச்சி மூன்று மாதப் பிள்ளையோடு வந்து நிற்கிறா. பிள்ளைக்கு மாப்பால்தான். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் கரைக்கிறோம். அது போதும்தானே?

எங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டாரின் மலசலகூடக் குழிக்கும் இடையில் நீட்டி நடந்தால் பத்து எட்டு வராது. அதைப் பற்றி அவர்களிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றும் சொல்லுங்கள். நல்ல சனம், சண்டை பிடிக்க விருப்பமில்லை.

மண்முனை மைந்தன் | சனி, இரவு 8:52

கொதிக்க வச்சா எந்தக் கிருமியும் மிஞ்சாது அண்ணே, பயப்படாதீங்க. எங்க வீட்டில் மூணு தலைமுறையா ஒரே கிணறுதான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தால் ஒருத்தரும் தண்ணியே குடிக்கேலாது.

பழைய பி.எச்.ஐ | சனி, இரவு 9:31

தம்பி வாவிக்கரையான், பிள்ளைக்கு அந்தத் தண்ணீரை இன்றிரவே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது சரி. தண்ணீர் குமிழிவிட்டுப் பொங்கி ஒரு நிமிடம் நின்றால் போதும். ஆனால் நைத்திரேற்று கிருமி இல்லை, உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு அப்படியே கிடக்கும். நீங்கள் எவ்வளவு அக்கறையாகக் கொதிக்க வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்த 68 கூடும். தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டாலும், படிகாரம் கலக்கினாலும், துணியில் வடித்தாலும், மெழுகுதிரி மாதிரி இருக்கிற சாதாரண வடிகட்டியில் விட்டாலும் அது போகாது. தண்ணீரை மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ இயந்திரம் போன்றவைதான் அதைப் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு இந்த அளவில் அவசரம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, மாப்பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. நைத்திரேற்று பிள்ளையின் குடலில் நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் சேர்ந்தால், ஒட்சிசன் காவுகிற சிவப்பணு தன் வேலையைச் செய்யாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அதை மட்டும் கண்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றோட்டமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் கிணற்றில் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

பிள்ளைக்குப் பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள். தாய்ப்பால் கொடுக்கிற பிள்ளை என்றால் இந்தக் கவலை இல்லை. தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் வந்து சேருகிற அளவு மிகக் குறைவு.

அம்மாவுக்கு: குழாய்த் தண்ணீரை இரவில் வாய் அகன்ற பானையில் பிடித்து மெல்லிய துணியால் மூடி வையுங்கள். விடியும்போது குளோரீன் வாசம் பெரும்பாலும் போயிருக்கும். மட்பானை என்றால் குளிர்ச்சியும் கிடைக்கும்.

வாவிக்கரையான் | சனி, இரவு 9:44

சேர், மிக்க நன்றி. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். கேத்திலில் இருந்ததை ஊற்றிக் கழுவி இப்போது பைப் தண்ணீர் கொதிக்கிறது. முடிவைத் தந்தவர்கள் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, கடதாசியை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

எழுவான் காற்று | சனி, இரவு 10:15

பக்கத்து வீட்டுக் குழி பற்றிப் பேச முதல் நமக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் நல்லது.

எழுவான்கரை முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுமே உப்பு. நடுவில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. நமது கிணறுகள் எல்லாம் அந்தப் படையில்தான் வாய் வைத்திருக்கின்றன. காத்தான்குடியில் ஒருவர் குடிப்பதும் ஆரையம்பதியில் ஒருவர் குளிப்பதும் இந்த ஒரே படையிலிருந்துதான். ஆற்றையும் குளத்தையும் நம்பாமல் இவ்வளவு சனம் இந்த ஒடுக்கமான நிலத்தில் குடியேறினதே அதன் புண்ணியத்தில்தான்.

மணலில் தண்ணீர் விரைவாக ஓடும். களிமண் போலப் பிடித்து வைத்து வடிக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று பி.எச்.ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) சொல்கிறார்கள் இல்லையா. இப்போது கணக்குப் பாருங்கள். 10 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 2,720 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 52 அடிக்கு 52 அடி. உங்கள் கிணற்றை ஒரு மூலையிலும் உங்கள் குழியை எதிர் மூலையிலும் வைத்துச் சமாளிக்கலாம். அந்த எதிர் மூலைக்கு அடுத்த பக்கம் யாருடைய கிணறு? இடப்பக்கத்து வீட்டார் தங்கள் குழியை எங்கே வைப்பார்கள்? இந்த அடர்த்தியில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஒழுங்காக இருந்து ஒன்றும் ஆகாது. அயலவரில் பிழை பிடிக்கவும் முடியாது. உங்களுடைய குழி அவர்களுடைய கிணற்றுக்கு எத்தனை அடி என்று அளந்து பார்த்தீர்களா?

வாவிக்கரையான் | சனி, இரவு 10:22

இல்லை. நாளைக்கு அளக்கிறேன். 😅

மண்முனை மைந்தன் | சனி, இரவு 10:30

எல்லாத்தையும் மலசலகூடத்தில போடுறீங்க. வயலுக்கு யூரியா கொட்டுறவங்களை ஏன் ஒருத்தரும் கேட்கிறதில்லை?

படுவான்கரைப் பொடியன் | ஞாயிறு, காலை 6:05

மைந்தன் அண்ணே, கல்லடியில் எந்த வயல் வட்டையைக் கண்டீங்க? அங்கே கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது குழியும் கோழிக்கூடும் ஆட்டுப்பட்டியும்தான். எரு மழையில் ஊறினால் அதுவும் நைத்திரேற்றுத்தான்.

வாவிக்கு மேற்கே, எங்கட படுவான்கரைப் பக்கம் நீங்க சொல்றது உண்மை. பெரும்போகத்துக்கு விதைத்து முடிய உரமும் களைநாசினியும் போடுகிற நேரம்தான் மழையும் கொட்டும். வாய்க்காலோடு எல்லாம் வாவிக்குப் போகும். ஆனால் எங்கட குறை வேற. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிச்சு உங்கட வீட்டுக் குழாயில் வருது. குளத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கட ஊர்களில் கோடை வந்தால் தண்ணீர் பவுசர் எப்ப வரும் என்று வாளியோட றோட்டில் நிற்கிற சனம் இன்னமும் இருக்கு. நீங்க வாசம் பிடிக்கவில்லை என்று அந்தத் தண்ணியை வேண்டாம் என்கிறீங்க. கோபத்தில் சொல்லவில்லை, இதையும் யாரும் சொல்லவேணும்.

பழைய பி.எச்.ஐ | ஞாயிறு, காலை 7:20

பொடியன் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எழுவான் காற்று எழுதிய படை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறு எல்லாம் உப்பாகிப் போனது. உதவிக்கு வந்தவர்களும் வீட்டுக்காரர்களும் மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்புக் கூடிய கிணறுகளும் இருந்தன. மேலே இருக்கிற நன்னீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே கிடக்கிற உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். இறுதியில் கிணறுகளைச் சுத்தம் செய்தது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். இன்றைக்கும் இதே கதைதான். ஒன்றரைக் குதிரைவலு மோட்டரைப் பூட்டி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத் தாங்கி நிரப்புகிறவர்கள், கோடையில் தண்ணீர் சவர்க்கிறது என்று முறைப்பாடு செய்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள்.

பக்கத்து வீட்டாருடன் பேசுகிற விஷயம். குழியின் அடியும் சுவரும் சீமெந்து பூசிய மூடிய தொட்டியா, வெறும் வளையம் இறக்கிய குழியா என்று முதலில் கேளுங்கள். வெறும் வளையம் என்றால் எல்லாம் நேரே மணலுக்குள்தான் போகிறது. அடைத்த தொட்டி கட்டி, அதிலிருந்து வெளியேறுகிற தண்ணீர் ஊறும் குழியைக் கிணறுகளுக்கு ஆகத் தூரமான பக்கத்தில் வைத்தால் மலக்கிருமி நன்றாகக் குறையும். நைத்திரேற்று அவ்வளவு குறையாது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொட்டி நிறைய விடாமல் உரிய காலத்தில் கழிவு உறிஞ்சுகிற பவுசரை வரவழைத்து உறிஞ்சவேண்டும். இதை "உங்கள் குழி எங்கள் கிணற்றைக் கெடுக்கிறது" என்று தொடங்கினால் கதை அன்றோடு முடிந்துவிடும். உங்கள் பரிசோதனை முடிவைக் காட்டி, "உங்கள் கிணற்றையும் பார்த்தால் நல்லது, பிள்ளைகள் குடிக்கிறதுதானே" என்று தொடங்குங்கள்.

உம்மு ஸைனப் | ஞாயிறு, காலை 10:48

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சாய்ந்தமருதிலிருந்து எழுதுகிறேன். கிணற்றுக்குக் குளோரீன் தூள் போடுகிறதைப் பற்றிக் கேட்க வந்தேன், அதற்குள் இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள். மதினி குளியலறை கழுவப் போனா. தரைக்கு வெள்ளைத் துணி வெளுக்கிற குளோரீன் திராவகம் ஊற்றி, மஞ்சள் கறை போகவில்லை என்று அதன் மேலேயே மலசலகூடம் கழுவுகிற அசிட்டையும் ஊற்றிவிட்டா. ஜன்னலும் பூட்டு. பச்சை மஞ்சளாக ஒரு புகை மாதிரி எழும்பி, இருமி இருமி வெளியே ஓடி வந்து முற்றத்தில் குந்திவிட்டா. கண் சிவந்து தண்ணீர் வடிகிறது. குடும்பமே ஆட்டோவில் ஆஸ்பத்திரி. அங்கே தாதி கேட்ட முதல் கேள்வி, "இரண்டையும் கலந்தீங்களா?" அன்றைக்கே இன்னும் ஒருவர் அப்படி வந்திருந்தாராம்.

இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற சாமான். போத்தலில் எச்சரிக்கை இருக்கும், குண்டூசித் தலை அளவு எழுத்தில்.

பழைய பி.எச்.ஐ | ஞாயிறு, காலை 11:30

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. அது குளோரீன் வாயு. முதலாம் உலகப் போரில் படைகள் ஒன்றையொன்று கொல்லப் பாவித்த அதே வாயு. வெளுக்கும் திராவகத்தோடு அசிட் சேர்ந்தால் குளோரீன். அமோனியா சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு. சிறுநீர் ஊறிய இடத்தில் வெளுக்கும் திராவகம் ஊற்றினாலே மூக்கில் ஏறுகிறது அதனால்தான். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் ஜன்னல் திறந்தபடி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு. யாருக்கும் மூச்சு முட்டினால் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

கிணற்றுக்குத் தூள் போடுவது பற்றி: கையளவுக் கணக்கில் போடாதீர்கள். 4 அடி விட்டமுள்ள கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 2,100 லீற்றர். வெள்ளத்துக்குப் பிறகு போடுகிற அளவு வேறு, வழமையாகப் போடுகிற அளவு வேறு. தூளும் பழசாகிப் போனால் வலு குறைந்துவிடும். உங்கள் பகுதி எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் சொன்னால் பி.எச்.ஐ வந்து அளந்து போடுவார். போட்ட பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் தண்ணீரைத் தொடக்கூடாது. பெரிய அளவு போட்டால் ஒரு நாள் விட்டு இறைத்துக் கொட்டவேண்டும்.

அசனார் மகன் | ஞாயிறு, பகல் 1:12

ராத்தா சொன்னதைக் கேட்டு எங்கட உம்மாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கரப்பான் மருந்து, கறையான் மருந்து, எலிப் பசை, மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் எதில் இருக்கு தெரியுமா? ஒன்றரை லீற்றர் சோடா போத்தலில். ஸ்டிக்கர்கூடக் கழற்றவில்லை. அதற்கு மேல் தட்டில் உண்மையான சோடா.

பழைய பி.எச்.ஐ | ஞாயிறு, பகல் 1:40

இன்றைக்கே மாற்றுங்கள் மகன். பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. உப்புத் தண்ணீரும் கொடுக்கவேண்டாம், தேங்காய்ப்பாலும் கொடுக்கவேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

நாவலடித் தோணி | ஞாயிறு, பின்னேரம் 4:25

இவ்வளவு படித்த ஆட்கள் இருக்கிறீங்க, ஒரு விஷயம் கேட்கவேணும்.

எங்கட மாமா வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். கடையில் வாங்கினால் கட்டுப்படி ஆகாது. ஆகவே பழைய கார் பற்றரியை உடைச்சுத் தகட்டை எடுத்து, அசிட்டைத் தென்னைக்கு அடியில் ஊற்றிவிட்டு, பழைய பால்மா ரின்னில் போட்டு அடுப்பில் வைத்து உருக்குவார். அடுப்பு என்றால் குசினிக்குப் பின்னால் இருக்கிற மூன்று கல் அடுப்பு, மாமி அதிலேதான் நெல் அவிக்கிறதும். ஈயம் உருகி வெள்ளி மாதிரி மினுங்கும், மேலே மஞ்சளும் சாம்பலுமாக ஆடை படரும். அதை ஒரு கரண்டியால் வழித்து மணலில் தட்டுவார். பிறகு அச்சில் ஊற்றி, ஆறினதும் சின்னப் பிள்ளைகள் குந்தியிருந்து பிசிறைக் கத்தியால் சீவுவார்கள். கயிற்றில் கோர்க்கும்போது பல்லால் கடித்து இறுக்குவார்கள். வலை போடுகிற வீடு என்றால் இது சாதாரணம்தான்.

கடைசிப் பெடியன் சாப்பிடவே மாட்டான், வயிற்று வலி என்று அழுவான். பூச்சி மருந்து கொடுத்தும் சரிவரவில்லை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

மண்முனை மைந்தன் | ஞாயிறு, பின்னேரம் 4:41

நானும் ஈயக்குண்டைப் பல்லால் கடிச்சு வளர்ந்தவன்தான். எனக்கு என்ன குறை? 😀

எழுவான் காற்று | ஞாயிறு, பின்னேரம் 4:50

மைந்தன் அண்ணே, அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதினால் நிர்வாகி என்னைத் தடை செய்துவிடுவார்.

பழைய பி.எச்.ஐ | ஞாயிறு, மாலை 6:03

தோணி, சம்பந்தம் இருக்கலாம். பூச்சியாகவும் இருக்கலாம், வேறு ஏதாகவும் இருக்கலாம். இங்கே எழுதிச் சொல்ல முடியாது. பிள்ளையை டொக்டரிடம் காட்டும்போது, "வீட்டில் ஈயம் உருக்குகிறோம்" என்ற ஒரு வசனத்தைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எந்த டொக்டரும் ஈயத்தை நினைக்கமாட்டார். இரத்தத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஈயத்துக்குப் பிள்ளைகள் விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர் உடம்பு எடுக்கிறதைவிடப் பல மடங்கு அதிகமாகப் பிள்ளையின் குடல் அதை உறிஞ்சும். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. படிப்பில் மந்தம், கவனம் நில்லாமை இவைதான் பெரிய நட்டம். யாரும் ஈயத்தில் சந்தேகப்படாமல் பிள்ளையை மொக்கன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மைந்தன் தம்பிக்குக் குறை இல்லை என்பது நல்ல விஷயம்தான்.

ஈயம் உருகுவது 327 பாகையில். விறகடுப்புக்கு அது பெரிய சூடு இல்லை. அந்த மஞ்சள் சாம்பல் ஆடை ஈய ஒட்சைட்டு, மெல்லிய தூள். மணலில் தட்டினால் அங்கேயே கிடக்கும், வருஷக்கணக்கில். கோழி கிளறும், பிள்ளை அதில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும். பற்றரி அசிட்டிலும் ஈயம் கரைந்திருக்கிறது. தென்னைக்கடியில் ஊற்றினால் அது எங்கே போகும் என்று எழுவான் காற்று நேற்றே எழுதிவிட்டார்.

மாமாவின் தொழிலை நிறுத்தச் சொல்ல நான் யார். ஆனால் பற்றரியை வீட்டில் உடைக்கவேண்டாம். உடைக்காத பழைய பற்றரிக்குப் பற்றரிக் கடையிலேயே விலை இருக்கிறது, புதியது வாங்கும்போது கழித்துக்கொள்வார்கள். அந்தக் காசுக்குக் குண்டாகவே வாங்கப் பார்க்கலாம். வார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் சமைக்கிற அடுப்பும் கரண்டியும் தொடக்கூடாது. வீட்டுக்குத் தூரமாக, காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று செய்யவேண்டும், பிள்ளைகள் கிட்டவே வரக்கூடாது. உடுப்பைத் தனியாகத் தோய்க்கவேண்டும். பிசிறு சீவுவது பிள்ளைகள் வேலை இல்லை.

திருக்கோவில் ரீச்சர் | ஞாயிறு, மாலை 7:15

ஐயா, இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். பழைய எனாமல் பெயின்ற் உரிகிற கதவு நிலைகளும் இதே வகைதானே?

பழைய பி.எச்.ஐ | ஞாயிறு, மாலை 7:22

ஆம் ரீச்சர். பெயின்ற்றில் ஈயத்துக்கு இலங்கையில் உச்ச அளவு வந்தது 2011 வர்த்தமானியோடுதான். அதற்கு முன்பு பூசியதைக் காய்ந்தபடி உரஞ்சக்கூடாது. ஈரமாக்கி உரஞ்சி, தூளைத் துடைத்தெடுக்கவேண்டும்.

படுவான்கரைப் பொடியன் | ஞாயிறு, இரவு 8:36

வயல்காரன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போறேன். பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல். 1995 இல் ஆகக் கொடிய ரகங்களைத் தடை செய்தார்கள், பரகுவாட் என்ற களைநாசினியை 2008 இலிருந்து 2011 வரைக்கும் படிப்படியாக எடுத்தார்கள். நல்ல விஷயம், எத்தனையோ உயிர் தப்பியது. இப்போது விற்கிறதும் பால் இல்லை. அடித்து முடிந்ததும் எங்கட ஆட்கள் தாங்கியை வாய்க்காலில்தான் கழுவுவார்கள். அதே வாய்க்காலில் கொஞ்சம் கீழே மாடு தண்ணி குடிக்கும்.

போத்தல் வெறுமையானதும் மூன்று தரம் அலசி, அலசின தண்ணியையும் தெளிக்கிற தாங்கிக்குள்ளேயே ஊற்றினால் மருந்தும் வீண்போகாது. பிறகு கத்தியால் ஓட்டை போட்டுவிடவேணும். ஓட்டை போடாவிட்டால் யாராவது எடுத்துப் போய் அதில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். கண்ணால் கண்டிருக்கிறேன்.

அசனார் மகன் | ஞாயிறு, இரவு 9:10

குப்பைக்கு வருவோம். எங்கட பகுதியில் பிரித்துக் கட்டி வைக்கச் சொன்னார்கள். பச்சை வாளி, செம்மஞ்சள் வாளி எல்லாம் வாங்கினோம். ட்ராக்டர் வந்து இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போகுது. பிறகு எதுக்குப் பிரிக்கிறது? பின்வளவில் ஒரு குழி வெட்டி எரித்துவிட்டால் சோலி முடிந்தது.

எழுவான் காற்று | ஞாயிறு, இரவு 9:48

எரிக்கிற சோலி அப்படி முடியாது தம்பி. பி.வி.சி பைப் துண்டு, வயர், ரெக்சின் செருப்பு எல்லாம் அந்தக் குழியில் போகும். அவை குறைந்த சூட்டில் புகைந்தால் டயொக்சின் வரும். அது கொழுப்பில் தங்குகிற நஞ்சு. புல்லில் படிந்து, மாட்டுப்பாலில் வந்து, முட்டையில் வந்து, திரும்ப உங்கள் வீட்டுக்கே வரும். சாம்பலைக் கத்தரிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழி கிணற்றுக்கு எத்தனை அடி?

ட்ராக்டர் விஷயத்தில் உங்கள் கோபம் சரிதான். ஆனால் ட்ராக்டருக்காகப் பிரிக்கத் தேவையில்லை, உங்களுக்காகப் பிரியுங்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலையும்தான். அது வீட்டை விட்டு வெளியே போகவே தேவையில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தின நேரம் ஊரே கூட்டெரு போடப் பழகியது, இப்போது மறந்துவிட்டோம். போத்தல், பேப்பர், இரும்பு வாங்குகிற ஆள் சைக்கிளில் ஒவ்வொரு கிழமையும் வருகிறார். தண்ணீர்ப் போத்தலைக் கழுவிக் காயவைத்து, நசித்து மூடியைத் தனியாக வைத்தால் அவர் எடுப்பார். தயிர் ஒட்டின, எண்ணெய் பிடித்ததைத் தொடமாட்டார். அதுவும் போனால் மிஞ்சுகிறது ஒரு சின்னப் பை. காய்ந்த பை, நாறாது. நாய் இழுக்காது. ட்ராக்டரில் கலந்தாலும் உங்கள் மனச்சாட்சிக்குக் குறை இல்லை.

கலந்து போனால் எங்கே போகும் என்பதற்கு அம்பாறைக்காரருக்கு உதாரணம் சொல்லத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனோடு சாப்பாட்டைத் தின்று செத்துப் போகிற படங்கள் உலகம் முழுக்கப் போனது. யானைக்குப் பொலித்தீன் ருசி இல்லை. உள்ளே இருக்கிற சோறும் கறியும்தான் இழுக்கிறது. சோற்றைப் பொலித்தீனில் கட்டி எறிந்தது நாம்தான். 2017 செப்டெம்பரிலிருந்து சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளுக்கு, லஞ்ச் சீற்றுக்கு, தடை. எங்கட சாப்பாட்டுக் கடைகளில் தடை எங்கே என்று தேடவேணும்.

உம்மு ஸைனப் | ஞாயிறு, இரவு 10:02

கூட்டெருவைக் கிணற்றடியில் போடலாமா? எங்களுக்கு வேறு இடம் இல்லை.

எழுவான் காற்று | ஞாயிறு, இரவு 10:09

போடவே வேண்டாம் ராத்தா. மழையில் அதுவும் கசிந்து நைத்திரேற்றாகத்தான் இறங்கும். மூடியுள்ள வாளி அல்லது பீப்பா ஒன்றில், அடியில் தட்டு வைத்து, மழை படாத இடத்தில் வையுங்கள். கசிகிற தண்ணீரை ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம்.

சிவந்த வாழை | ஞாயிறு, இரவு 10:31

வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒழுங்காக ஓடின காலத்தில் வைக்கோலும் கழிவுக் கடதாசியும் போட்டுக் கடதாசி செய்தார்கள். எங்கட வீட்டில் பழைய கொப்பிகளைக் கட்டிக் கொடுத்தது ஞாபகம். மீள்சுழற்சி என்று எங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. அந்த ஆலைக்கழிவு தண்ணீரை என்ன செய்தது என்பது வேறு கதை, அதையும் சேர்த்துத்தான் பேசவேணும்.

வாவிக்கரையான் | திங்கள், இரவு 7:55

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தோம். அவர்கள் குழி எங்கள் கிணற்றுக்கு இருக்கிறதைவிட, எங்கள் குழி அவர்கள் கிணற்றுக்குக் கிட்ட. அதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்துவிட்டார், பேச்சு இலேசாகப் போனது. அவர்கள் கிணற்றையும் கொடுக்கப்போகிறோம். மாரிக்கு முன் இரண்டு வீடும் சேர்ந்து ஒரே மேசனைப் பிடித்து இரண்டு தொட்டியையும் அடைத்துக் கட்டினால் செலவு குறையும் என்று அவரே சொன்னார். பிள்ளை நன்றாக இருக்கிறது. அம்மா பானைத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்துவிட்டு "பரவாயில்லை" என்றா. அவ வாயில் அது பெரிய பாராட்டு.

மாதிரி எடுக்கிற முறையை மட்டும் ஒருக்கால் சொல்லுங்கள் சேர். போனமுறை நான் பழைய தண்ணீர்ப் போத்தலில்தான் கொண்டுபோனேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பி.எச்.ஐ | திங்கள், இரவு 8:30

நைத்திரேற்றுக்குச் சுத்தமான போத்தல் போதும், அதே தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பிடிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் எம்.ஓ.எச் பணிமனையில் தருவார்கள். அதை அலசக்கூடாது, மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது, கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடவேண்டும். குளோரீன் போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படையுங்கள், 24 மணித்தியாலம் தாண்டினால் முடிவை நம்ப முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்துக்கொண்டு போய் நிற்கவேண்டாம். செவ்வாய் அல்லது புதன் காலையில் வெள்ளன எடுங்கள்.